தண்ணீர் வரவில்லை என்பதற்காக ஏரிக்கரையை வெட்டலாமா?

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், லயோனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர் கலெக்டராக இருந்தபோது, பெருமழையில் ஏரிக்கரை உடைய இருந்ததாகவும், ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்று காப்பாற்றியதாகவும் கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஏரிக்கரை என்றால் என்ன என்பது செங்கல்பட்டு மாவட்டத்து விவசாயிக்கு நன்றாகவே தெரியும். தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் முதலில் மதகைப் போய்ப் பார்ப்பார். பிறகு வாய்க்கால் ஓரமாகவே நடந்து வருவார். எங்காவது தூர்ந்திருக்கிறதா, நடுவில் யாராவது மடையை மாற்றி விட்டார்களா, தன் வரப்பில் வாய்மடை திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரையை வெட்டப் போக மாட்டார். வெட்டினால் தண்ணீர் வரும்தான். கூடவே ஊரும் போய்விடும்.

இதே மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, கரையை வெட்டுகிற வேலை கணினியில் சர்வ சாதாரணமாக நடக்கக்கூடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மாமல்லபுரத்தில் பத்துப் பதினைந்து அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதி என்று வைத்துக்கொள்ளலாம். உரிமையாளருக்கு ஒரு முன்பதிவுத் தளம் வேண்டும். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், வார இறுதியில் செய்து தருவதாக ஒப்புக்கொள்கிறார். இந்தக் காலத்தில் யாரும் இதற்காகத் தனியாக ஒரு சர்வரை வாங்கி மேசைக்கு அடியில் வைப்பதில்லை. 'சர்வர்லெஸ்' என்கிறார்கள். சர்வரே இல்லை என்று அர்த்தம் இல்லை; சர்வரைப் பற்றிய கவலை வாடிக்கையாளருக்கு இல்லை என்று அர்த்தம். யாராவது தளத்தைத் திறந்தால் அந்த நிமிடம் ஒரு சிறு நிரல் எழுந்து வேலை செய்துவிட்டுத் தூங்கிப்போகும். ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு. அமேசான் 2014இல் அறிமுகப்படுத்திய லாம்ப்டா, மைக்ரோசாப்டின் அஸூர் ஃபங்ஷன்ஸ், கூகுளின் கிளவுட் ரன் எல்லாம் இந்த ரகம்தான்.

நிரல் தூங்கலாம், தகவல் தூங்க முடியாது. யார் எந்த அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்தார்கள் என்பது ஒரு டேட்டாபேஸில் நிரந்தரமாக இருந்தாக வேண்டும். அந்த டேட்டாபேஸை வெளியுலகம் தொட முடியாதபடி ஒரு தனி வலையமைப்புக்குள் வைப்பதுதான் முறை. அதற்கு 10.0.3.25 என்பது போல ஓர் உள்முகவரி இருக்கும். 10, 172.16, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. விடுதி அறைகளின் இன்டர்காம் எண் மாதிரி. வரவேற்பறையிலிருந்து 203 என்று அழுத்தினால் அறையில் மணி அடிக்கும். வெளியே பஸ் ஸ்டாண்டில் நின்று செல்போனில் 203 அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். சர்வர்லெஸ் நிரல், விசேஷமாகச் சொல்லாத வரையில், அந்தத் தனி வலையமைப்புக்கு வெளியே நின்றுதான் ஓடுகிறது. அது 10.0.3.25ஐக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. முப்பது நொடி காத்திருந்துவிட்டு 'டைம் அவுட்' என்று செத்துப்போகிறது. இளைஞர் இரவு இரண்டு மணி வரை மல்லாடுகிறார். கடைசியில் எங்கோ யாரோ எழுதிய ஆலோசனை கண்ணில் படுகிறது: டேட்டாபேஸைப் பொது அணுகலுக்கு மாற்று, ஃபயர்வாலில் 0.0.0.0/0 என்று போடு. போடுகிறார். உடனே வேலை செய்கிறது! 'டெஸ்டிங்குக்காகத்தான், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று தூங்கப் போகிறார். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

0.0.0.0/0 என்றால் 'உலகத்தில் உள்ள எல்லா முகவரிகளும்' என்று பொருள். அதாவது கரையை வெட்டியாகிவிட்டது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுச் சமன் செய்யலாம். ஆனால் அது பிழை திருத்தம் ஆகாது. பிழை எங்கேயோ அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம். அனாமத்துக் கணக்கை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் எந்தத் தணிக்கையாளரும் சும்மா விட மாட்டார். கணினித் துறையிலோ அப்படிக் கேட்க ஆளில்லை.

கேட்க ஆளில்லை என்றாலும் பார்க்க ஆள் உண்டு. இணையத்தின் முகவரிகளை இரவு பகலாக வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. 2017 ஜனவரியில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, தகவல் வேண்டுமானால் பிட்காயின் கொடு என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். 2019 ஜனவரியில் பாரத ஸ்டேட் வங்கியின் 'எஸ்.பி.ஐ. குயிக்' சேவைக்கான சர்வர் ஒன்று பாஸ்வேர்டு இல்லாமல் இருந்ததாகவும், வாடிக்கையாளர்களுக்குப் போன குறுஞ்செய்திகள் வெளியே தெரிந்ததாகவும் டெக்கிரஞ்ச் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம், வேலை தேடும் இந்தியர்கள் பற்றிய 27 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட ஒரு டேட்டாபேஸ் திறந்து கிடந்ததை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். அது யாருடையது என்று தெரிவதற்குள் வேறு யாரோ அதை அழித்துவிட்டார்கள். 2020 ஜூலையில் 'மியாவ்' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்கள் துடைத்து எறியப்பட்டன. பணம்கூடக் கேட்கவில்லை!

இவற்றில் பலவற்றுக்கு பாஸ்வேர்டே இல்லை, நம்முடையதில் இருக்கிறதே என்று சிலர் வாதிடலாம். நியாயமான கேள்விதான். பாஸ்வேர்டு ஒரு பூட்டு. ஆனால் பூட்டை நம்பி வாசலைத் தெருவில் வைப்பதற்கும், வாசலே தெருவில் இல்லாமல் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தெருவில் இருக்கும் பூட்டை ஊரே இரவு முழுக்க ஆட்டிப் பார்க்கலாம். பாஸ்வேர்டு எழுதிய கோப்பு தவறுதலாக கிட்ஹப்பில் ஏறிவிடலாம். டேட்டாபேஸ் மென்பொருளிலேயே ஓர் ஓட்டை வெளிப்படலாம். கரை இருந்தால் இந்த மூன்றும் நடந்த பிறகும் மீள்வதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

அந்த மாமல்லபுரம் விடுதியின் டேட்டாபேஸில் அப்படி என்னதான் இருக்கிறது? பெயர், செல்போன் எண், வரும் தேதி, போகும் தேதி, ஆதார் நகல். வெளிநாட்டார் நிறைய வரும் ஊர் என்பதால் பாஸ்போர்ட், விசா விவரங்களும் இருக்கும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணைய வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விடுதிக்காரர் ஆசைப்பட்டுச் சேர்த்த தகவல் இல்லை இது, சட்டம் சேர்க்கச் சொன்னது. ஒரு பெண் தனியாக எந்த அறையில் எந்தத் தேதியில் தங்குகிறாள் என்பது அதில் இருக்கிறது. பிரான்சிலிருந்து அர்ச்சுனன் தபசு பார்க்க வந்தவரின் பாஸ்போர்ட் எண் இருக்கிறது. கரையை வெட்டியவர் வேறு ஒருவர். வெள்ளம் போவது இவர்கள் வீட்டுக்குள்.

சட்டம் யாரைப் பிடிக்கும்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு தகவலைச் சேகரித்தவருடையதுதான். அதாவது 0.0.0.0/0 என்றால் என்ன என்றே தெரியாத விடுதி உரிமையாளர்! இளைஞர் அதற்குள் பெங்களூருவில் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

சரி, கரையை வெட்டாமல் தண்ணீர் கொண்டு வருவது எப்படி? விவசாயி செய்வதைத்தான் செய்ய வேண்டும், வாய்க்கால் ஓரமாக நடப்பது. அதற்கு முன் பிழைச் செய்தியை ஒழுங்காகப் படிப்பது. 'வேலை செய்யவில்லை' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எல்லாப் பிழையும் ஒன்றல்ல.

பெயரே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் சிக்கல் டி.என்.எஸ்.ஸில் இருக்கிறது. டைம் அவுட் என்று வந்தால், கூப்பிட்ட குரல் பெரும்பாலும் போய்ச் சேரவே இல்லை. வழியோ ஃபயர்வாலோ தடுக்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், அநேகமாகக் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை. பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் சந்தோஷப்படலாம். வாய்க்கால் முழுவதும் சரியாக இருக்கிறது, சாவி மட்டும்தான் தப்பு. இணைப்புகள் அதிகமாகிவிட்டன என்று வந்தால் அது வேறு கதை, பின்னால் வருகிறது. இந்த ஐந்தையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். டைம் அவுட் வரும்போது பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது, மதகு மூடியிருக்கும்போது வரப்பை வெட்டிக்கொண்டிருப்பது மாதிரி.

அடுத்து, எங்கே நின்று சோதிப்பது என்பது. சொந்த லேப்டாப்பில் இருந்து முயன்று பார்த்துவிட்டு முடிவுக்கு வருபவர்கள் அதிகம். லேப்டாப் நிற்கும் இடம் வேறு, நிரல் நிற்கும் இடம் வேறு. லேப்டாப்பில் இருந்து இணைப்பு கிடைக்காததுதான் ஒழுங்கான அமைப்புக்கு அடையாளம். அதே சர்வர்லெஸ் சேவையில், அதே அமைப்புகளோடு, நாலு வரியில் ஒரு சோதனை நிரல் போட வேண்டும். டேட்டாபேஸின் பெயருக்கு என்ன முகவரி வருகிறது என்று லாகில் எழுதி, அந்தப் போர்ட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தால் போதும்.

இனி நடக்கலாம். முதலில், நிரலும் டேட்டாபேஸும் ஒரே ஊரில் இருக்கின்றனவா? அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் மையம் உண்டு. அஸூருக்குச் சென்னையிலேயே 2015 முதல் இருக்கிறது. டேட்டாபேஸை மும்பையில் வைத்துவிட்டு, நிரலை மட்டும் கவனக்குறைவாக அமெரிக்காவின் வர்ஜீனியாவில் போட்டிருப்பது ஒன்றும் அபூர்வம் அல்ல.

இரண்டாவது, நிரல் அந்தத் தனி வலையமைப்போடு இணைக்கப்பட்டிருக்கிறதா? லாம்ப்டாவில் எந்த சப்நெட் என்று குறிப்பிட வேண்டும். கிளவுட் ரன்னில் அதற்கென ஒரு கனெக்டரோ நேரடி இணைப்போ அமைக்க வேண்டும். அஸூரின் பழைய கன்சம்ப்ஷன் திட்டத்தில் இந்த வசதியே கிடையாது. பிரீமியமோ ஃப்ளெக்ஸ் கன்சம்ப்ஷனோ வேண்டும். திட்டத்திலேயே இல்லாத வசதியை இரவெல்லாம் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்குமா?

மூன்றாவது, வழி. இரண்டு தனி வலையமைப்புகளைப் பியரிங் என்ற முறையில் இணைக்கலாம். ஆனால் 'அ'வும் 'ஆ'வும் இணைந்து, 'ஆ'வும் 'இ'யும் இணைந்திருப்பதால் மட்டும் 'அ'விலிருந்து 'இ'க்குப் போய்விட முடியாது. இரண்டு வலையமைப்பும் ஒரே எண் வரிசையை எடுத்துக்கொண்டிருந்தால் இணைக்கவே முடியாது.

நான்காவது, ஃபயர்வால். மைஎஸ்க்யூஎல் என்றால் 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, அந்த ஒரு போர்ட்டை மட்டும், அந்த நிரல் சேர்ந்திருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் திறக்க வேண்டும். அஸூரில் 'அஸூர் சேவைகளை அனுமதி' என்று ஒரு டிக் பெட்டி உண்டு. பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆனால் அது நம் சேவைகளை மட்டும் அல்ல, அஸூரில் இருக்கும் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களின் சேவைகளையும் அனுமதிக்கிறது. பாதி வெட்டிய கரை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஐந்தாவது, இணைப்புகளின் எண்ணிக்கை. மாமல்லபுரம் நாட்டிய விழா சீசனில் ஒரே நேரத்தில் 150 பேர் பதிவுப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்றால் லாம்ப்டா 150 பிரதிகளாக எழுந்து நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக டேட்டாபேஸ் கதவைத் தட்டும். போஸ்ட்கிரெஸில் தானாக அமைந்திருக்கும் வரம்பு 100 இணைப்புகள்தான். ஆள் இல்லாத சாதாரண நாட்களில் நன்றாக ஓடிய தளம், கூட்டம் வந்த அன்று படுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இணைப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்காமல் மறுபடி பயன்படுத்துவது, எத்தனை பிரதிகள் எழலாம் என்று வரம்பு வைப்பது, நடுவில் பிஜிபவுன்சர் மாதிரியோ அமேசானின் ஆர்டிஎஸ் பிராக்ஸி மாதிரியோ ஒரு வரிசை ஒழுங்குபடுத்துபவரை வைப்பது, இவைதான் மருந்து. இதற்கும் டேட்டாபேஸைப் பொதுவில் திறப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு புதிதாக ஒன்று முளைக்கும். தனி வலையமைப்புக்குள் போன லாம்ப்டா நிரலால் இப்போது வெளி இணையத்தைத் தொட முடியாது. பணம் செலுத்தும் சேவையைக் கூப்பிட முடியவில்லை, குறுஞ்செய்தி போகவில்லை. அதற்கு நாட் கேட்வே வேண்டும். பலரும் கடப்பாரையைத் தேடுவது இந்த இடத்தில்தான், காரணம் காசு. லாம்ப்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகள் வரை இலவசம். நாட் கேட்வேக்கோ, வர்ஜீனியா விலையில் மணிக்கு 4.5 சென்ட், யாராவது பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும். மாதம் சுமார் 33 டாலர். தகவல் போக்குவரத்துக்குத் தனிக் கட்டணம்.

வணிகவியலில் இதற்குப் பெயர் நிலைச் செலவு. சர்வர்லெஸ்ஸை விற்பவர்கள் 'எல்லாமே மாறும் செலவுதான், உபயோகித்த அளவுக்குக் காசு' என்கிறார்கள். நிரலைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் டேட்டாபேஸும் நாட் கேட்வேயும் சேர்ந்தால் மொத்தச் செலவில் பெரும்பகுதி நிலைச் செலவாகிவிடுகிறது. இதை முதல் நாளே மதிப்பீட்டில் எழுதிக் காட்டாததால்தான் பின்னால் பாதுகாப்பில் கை வைக்க வேண்டி வருகிறது. உரிமையாளரிடம் 'மாதம் நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம்' என்று சொல்லிவிட்ட பிறகு எந்த முகத்தோடு மூவாயிரம் கேட்பது?

செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. நிரலை இரண்டாகப் பிரித்து, வெளியுலகத்தோடு பேசுவதை வெளியேயும் டேட்டாபேஸோடு பேசுவதை உள்ளேயும் வைத்து, வெளியே இருப்பது உள்ளே இருப்பதைக் கூப்பிடச் செய்தால் நாட் கேட்வே தேவைப்படாது. கூகுளில் டேட்டாபேஸுக்குப் பொது முகவரி இருந்தாலும், எந்த வெளி முகவரியையும் அனுமதிக்காமல், அடையாளம் சரிபார்க்கும் கனெக்டர் வழியாக மட்டும் வரச் செய்யலாம். இது கரையை வெட்டுவது ஆகாது, காவலாளோடு கூடிய மதகு. ஆக, பொது முகவரி என்றாலே பாவம் என்பதல்ல வாதம். யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம் என்று விடுவதுதான் தவறு.

இவை எதுவுமே கட்டுப்படியாகாது என்றால், பதினைந்து அறை விடுதிக்கு சர்வர்லெஸ்ஸே தேவையில்லை. சின்னதாக ஒரு வாடகை சர்வர் எடுத்து, தளத்தையும் டேட்டாபேஸையும் அதற்குள்ளேயே வைத்து, டேட்டாபேஸ் போர்ட்டை வெளியே காட்டாமல் விட்டால் முடிந்தது. அதையும் அவ்வப்போது புதுப்பித்து, பேக்கப் எடுத்துப் பராமரிக்க வேண்டும்தான். பழைய பாணி என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். விருந்தாளியின் பாஸ்போர்ட் எண் பத்திரமாக இருக்கும்.

விடுதி உரிமையாளர் இந்த நுட்பம் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தளம் செய்து தருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "தம்பி, இந்த டேட்டாபேஸை வெளியில் இருந்து யாராவது தட்ட முடியுமா?" பதிலாக 'டெஸ்டிங்குக்காக இப்போதைக்கு...' என்று வாக்கியம் தொடங்கினால், மீதிப் பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது நல்லது. வாய்க்கால் ஓரமாக ஒரு நடை நடந்துவிட்டு வந்து அவர் வாங்கிக்கொள்ளட்டும்.